ஆத்துல தண்ணி வருது

என் மனைவி பிரேமாவின் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற ரோட்டில் பதினாறு வருஷமாக நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். காலையில் இட்லி, பூரி. மத்தியானம் எலுமிச்சை சாதம், தயிர் சாதம். லாரி டிரைவர்களைத் திட்டத் தமிழ், பீகார்ப் பையன்களைத் திட்ட இந்தி, சூளூர்ப்பேட்டையிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைத் திட்டத் தெலுங்கு. என்னைத் திட்ட மூன்றும். அப்படிப்பட்டவள் இரண்டே இரண்டு வார்த்தைகளை மட்டும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘தண்ணி வருது’ என்பதுதான் அது.

எங்கள் தெருவில் அதைச் சொல்லாமல் குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் விடுவார்கள். முதல் வீட்டுக்காரி ‘தண்ணி வருது’ என்று ஒரு குரல் கொடுப்பாள். அது வாசல் வாசலாகத் தாவித் தெருக்கோடி வரை போக வேண்டும். எங்கள் வாசலுக்கு வந்ததும் அறுந்துவிடும். பிரேமா ஒரு கரண்டியை எடுத்துப் பித்தளைச் சொம்பில் நாலு தட்டுத் தட்டுவாள். பக்கத்து வீட்டு சோனியா அதைக் கேட்டுத்தான் குடத்தோடு வருவாள். கோயில் பூசாரி வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாள். பிரேமா சிரித்துக்கொள்வாள்.

கல்யாணமான புதிதில் நான் இதைக் கவனிக்கவில்லை. புது மாப்பிள்ளை கவனிக்கிற விஷயம் வேறு. மூன்றாவது வருஷம் ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தலையெல்லாம் சோப்பு போட்டுக்கொண்டு, காலி வாளியைப் பார்த்தபடி பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே குழாய் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இவளுக்கும் தெரிந்திருக்கிறது. சொம்பைத் தட்டியிருக்கிறாள். ரோலிங் மில்லில் எட்டு மணி நேரம் இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வந்த காதில் சொம்புச் சத்தம் எங்கே விழும்? கண்ணில் சோப்பு எரிச்சல், வயிற்றில் பசி எரிச்சல். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய், தண்ணி வருது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கத்தினேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறவள் அன்று காலி வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் அவளுடைய அப்பா கதையைச் சொன்னாள். ஆற்றில் போய்விட்டார் என்று பெண் பார்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். எப்படிப் போனார் என்று நானும் கேட்டதில்லை.

பிரேமாவின் ஊர் ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. நெல் விளைகிற ஊர். ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தில் பத்து மாதம் மணல்தான். மேலே ஆந்திரா மலைகளில் மழை பெய்தால், ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை தண்ணீர் இறங்கும். அந்தப் புதுத்தண்ணீரை ஊரார் கும்பிட்டு வரவேற்பார்கள். ‘ஆத்துல தண்ணி வருது’ என்று குரல் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடுவார்கள். ஆம்பிளைகள் மணலில் இறங்கி, தாழ்வாக இருக்கிற வாய்க்கால் தடம் எதுவோ அதில் வெற்றிலையை வைத்து, அதன்மேல் கற்பூரம் ஏற்றுவார்கள். தண்ணீர் நுரையும் சருகும் எறும்புமாக, பாம்பு ஊர்கிற மாதிரி மெதுவாக வரும். வந்து அந்த வெற்றிலையைத் தூக்கிக்கொண்டு போகும். பிள்ளைகள் அதற்கு முகம் காட்டியபடியே பின்னால் பின்னால் நடந்து விளையாடுவார்கள். ஊரில் அதைவிடச் சந்தோஷமான செய்தி கிடையாது. கல்யாணச் செய்திக்குக்கூட அப்படி ஓட மாட்டார்கள் என்று பிரேமா சொல்வாள்.

எண்பத்து நாலாம் வருஷம் நவம்பரில் புயல் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அதற்கு முன் மூன்று வருஷம் ஆற்றில் தண்ணீரே இறங்கவில்லை. கிணறு காய்ந்து, நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, அவளுடைய அப்பா தேசப்பன் செங்கல் சூளையில் மண் மிதிக்கப் போய்க்கொண்டிருந்தார். பேச்சு குறைந்துவிட்ட மனிதர் என்றுதான் அந்த வருஷங்களின் அப்பாவை அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள். சாப்பிடும்போதுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டாராம்.

புயல் அவர்கள் பக்கம் மழையைவிடக் காற்றாகத்தான் அடித்தது. அப்பா, அம்மா, இவள் மூன்று பேரும் இரும்புக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கிடந்தார்கள். கூரை முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தது, அப்புறம் ஒரே இழுப்பில் போய்விட்டது. மேலே பார்த்தால் வானம் இல்லை, ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்ததாம். முகத்தில் அடித்த மழையை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். உப்புக் கரித்தது. கடல் அங்கிருந்து எத்தனையோ மைல். ‘நைனா, மழ கரிக்குது’ என்று சொன்னாள். அப்பா அவளுடைய வாயைத் துண்டால் துடைத்துவிட்டார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். தான் துடைப்பது அவளுக்கே தெரியாது.

மறுநாள் காற்று நின்றுவிட்டது. வெயில்கூட வந்தது. பனைமரங்கள் தலையில்லாமல் நின்றன. யார் வீட்டுக் கூரை யார் நிலத்தில் கிடக்கிறது என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது. ஆற்றில் அங்கங்கே குட்டை கட்டியிருந்ததே தவிர, பெய்த மழையை எல்லாம் மணல் குடித்துவிட்டது. பிரேமாவை உப்பு வாங்க மெயின் ரோட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ் அங்கே நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஆற்றில் தண்ணீர் வருகிறது, ஊருக்குள் போய்ச் சொல்லு என்று இவளிடம் சொன்னார். உப்பை மறந்துவிட்டு இவள் ஓடினாள். ‘ஆத்துல தண்ணி வருது, ஆத்துல தண்ணி வருது’ என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே ஓடினாள்.

சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்த தேசப்பன் நிமிர்ந்தார். இவளை அப்படியே மண் கையோடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே போய் அம்மாவிடம் கற்பூரம் வாங்கிக்கொண்டு வா என்று இறக்கிவிட்டார். வேறு இரண்டு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இவளைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு அவர்கள் மணலில் இறங்கினார்கள். தாழ்வான தடம் அக்கரைப் பக்கம் இருந்தது. தேசப்பன்தான் ரொம்ப தூரம் போனார். குனிந்து, கையால் காற்றை மறைத்து, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் பாலத்தில் கூட்ஸ் வண்டி போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாலமும் இல்லை, ரயிலும் இல்லை. அந்த இரண்டு பேரும் ஓடிக் கரை ஏறிவிட்டார்கள். இவர் நிமிர்ந்து, வருகிற தண்ணீரைப் பார்க்காமல், கரையில் நின்ற இவளைப் பார்த்தார். மூன்றாம் நாள் பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பு வேலியில் கிடைத்தார்.

அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நான் நிறைய ஆறுதல் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை, பெரியவர் ஒருவர் சொன்ன செய்தியைச் சொன்னாய், அவ்வளவுதானே, தபால்காரன் மேல் யாராவது கேஸ் போடுவார்களா என்று கேட்டேன். அந்த உதாரணம் எனக்கே பிடித்திருந்தது. அவள் ‘ம்’ என்றாள். மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திருப்தியாகக் குறட்டை விட்டேன். ஆனால் சொம்புத் தட்டல் நிற்கவில்லை. பீகார்ப் பையன்களிடம் ‘பானி ஆகயா’ என்று சாதாரணமாகச் சொல்வாள். தமிழில்தான் வராது.

இன்னொரு விஷயமும் எனக்குப் புரியாமல் இருந்தது. என் மாமியார் செல்லியம்மாள் எங்கள் வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்க மாட்டார். வருவார், பேரனைக் கொஞ்சுவார், குழம்பு நல்லாயிருக்கு என்பார். மறுநாள் விடியற்காலை குழாயில் தண்ணீர் வரும், பிரேமா சொம்பைத் தட்டுவாள், கிழவி முகம் சுண்டிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். என் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை, அல்லது என்னையே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது. தாயும் மகளும் பேசிக்கொள்வதும் அளந்துதான். இருக்கிற ஒரே பெண், இருக்கிற ஒரே அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் என்ன கௌரவம் என்று நான் சலித்துக்கொண்டதுண்டு.

சில வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பரில் மறுபடியும் பெரிய புயல் வந்தது. எங்கள் மகன் அருண்பாண்டியன் காட்டுப்பள்ளி ஷிப்யார்டில் வெல்டிங் வேலை பார்க்கிறான். பாட்டி தனியாக இருக்கிறாரே என்று முன்னாடியே லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தான். புயல் கடந்த மறுநாள் மத்தியானம், எங்கள் வீட்டில் கரண்டு இல்லை, கடை இல்லை, நாங்கள் இரண்டு பேரும் ஈரத் துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மகன் வீடியோ காலில் வந்தான். வாயெல்லாம் சிரிப்பு.

“அம்மா, ஆத்துல தண்ணி வருது, பாரு.”

போனைத் திருப்பிக் காட்டினான். செம்மண் நிறத்தில் ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. அவன் நின்றது புதிதாகக் கட்டிய உயரமான பாலத்தின் மேல். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், நாலு பைக், ஐஸ் வண்டிகூட இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. பிரேமா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“ஆத்தாண்ட போவாத. யாரும் ஆத்தாண்ட போவக் கூடாதுன்னு சொல்லு. போவாத.”

அவளுடைய குரல் அவளுடையதாக இல்லை. பையன் பயந்துபோய் சரிம்மா, ஊட்டுக்குப் போறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். இவள் ஈரத் துணிக்கு அடியில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நகரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அப்புறம் தானாகவே பேசினாள்.

“பஸ்காரரு ரெண்டு சொன்னாரு. நான் ஒண்ணுதான் சொன்னேன்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. அந்த டிரைவர் தண்ணீர் வருகிறது என்பதோடு நிறுத்தவில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், யாரும் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லு, இதையும் சேர்த்துச் சொல்லு என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறார். பிள்ளைக்கு இரண்டுமே ஞாபகம் இருந்தது. ஆனால் ஓடும்போது வாயில் வந்தது முதல் பாதி. ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்பா தூக்கிச் சுற்றினார். மூன்று வருஷமாகச் சிரிக்காத முகம். “அந்த மூஞ்சியப் பாத்துகினே இன்னொண்ணையும் எப்படி சொல்றது? அப்புறமா சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்” என்றாள். கரையில் நிற்கும்போதுகூடத் தொண்டை வரைக்கும் வந்ததாம். கற்பூரத்தை ஏற்றிவிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம்.

நான் மில்லில் கிரேன் ஆபரேட்டர். கீழே நிற்கிறவன் கை காட்டுவதைப் பார்த்துத்தான் மேலிருந்து கொக்கியை இறக்குவேன். பாதி சைகை காட்டிவிட்டு மூக்கைச் சொறிகிறவனை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்று அப்போது ஏனோ ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சொன்ன தபால்காரன் உதாரணத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் ‘ம்’ என்று சொல்லி என்னைத்தான் சமாதானப்படுத்தி வந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் தலையிலும் சொட்டியது.

அம்மாவிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அம்மா இருபத்தொன்பது வயதில் தாலி அறுத்தவள். அவளிடம் போய் அதற்குக் காரணம் நான்தான் என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டாள். சொல்லாமலே அம்மா செத்துப்போனால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். என் சுபாவம் அப்படி.

இரண்டு நாள் கழித்து, ரோட்டில் தண்ணீர் வடிந்ததும், பைக்கில் ஊருக்குப் போனோம். வழி நெடுக விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் வாசலில் நனைந்த நெல்லைத் தார்ப்பாயில் பரப்பிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். பிரேமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நெல்லின் ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பஸ் டிரைவர் சொன்னது, தான் சொன்னது, சொல்லாமல் விட்டது. நடுவில் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் உள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று கேட்கும்போதே தெரிந்தது. அருண்பாண்டியன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். நான் கையைக் காட்டி அவனைப் போகச் சொன்னேன்.

மாமியார் கால்களை நிறுத்தினார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடிக்கப் போகிறாரோ என்றுகூட எனக்கு ஒரு நொடி தோன்றியது.

“சொன்னியேடி நீ” என்றார்.

பிரேமாவுக்குப் புரியவில்லை.

“கற்பூரம் கேட்டுகினு உள்ள வந்தே. அப்பவே சொன்னே, ஆத்தாண்ட போவக் கூடாதுன்னு பஸ்காரரு சொன்னாருன்னு. நான்தான், போடி, உங்க நைனா ஆத்தப் பாத்து மூணு வருசம் ஆவுது, கும்பிட்டு வரட்டும்னு சொல்லி உன் கையில கற்பூரத்தக் குடுத்தேன்.”

பிரேமா இல்லை என்றாள். தனக்கு அப்படி ஞாபகமே இல்லை என்றாள். கிழவி கேட்கவில்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அன்றிலிருந்து தூங்கவில்லையாம். பிள்ளை சொன்னதைக் கேட்டிருந்தால் புருஷன் இருந்திருப்பார் என்று யாரிடம் சொல்வது? ஊர் இன்னும் இரண்டு போடு போடும். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் அது நம்மிடம் ஒட்டாமல் வளர்கிறது என்று நினைத்தாராம்.

“உன் ஊட்டுக்கு வருவேன். கொழாயில தண்ணி வரும். எல்லாரும் வாய் தொறந்து சொல்லுவாளுங்க, நீ மட்டும் சொம்பத் தட்டுவே. என்னக் குத்திக் காட்டத்தான் நீ தட்றேன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

பிரேமா செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் நடந்து போனாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஐம்பது வயதை நெருங்குகிற பெண், லாரிக்காரர்களை நடுங்கவைக்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். கிழவி அழவில்லை. மகளுடைய முதுகைத் தடவியபடி, நெல்லை மிதிக்காதடி என்று சொன்னார். பிரேமா சிரித்துவிட்டாள், அழுகையும் நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் பிரேமா முகம் கழுவப் பின்பக்கம் போனாள். நான் மாமியாரோடு சேர்ந்து நெல்லைக் கிளறிவிட்டேன். எத்தனையோ வருஷமாக நான் அவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று கேட்டேன். “நெஜமாவே அவ சொன்னாளா அத்த?”

அவர் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பாமலே, நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே பதில் சொன்னார்.

“சொன்னாளோ சொல்லலியோ, வுடுங்க மாப்ள. அவளுக்கு ஒம்போது வயசு. எனக்கு இருவத்தொம்போது.”